சும்மாடும் கரணையும்

இந்தியாவின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனமான லார்சன் அண்ட் டூப்ரோவை மக்கள் எல் அண்ட் டி என்றே அறிவார்கள். ஹென்னிங் ஹோல்க் லார்சன், சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ என்ற டென்மார்க் நாட்டுப் பொறியாளர்கள் இருவர் 1938இல் பம்பாயில் தொடங்கிய நிறுவனம் அது. கட்டட வேலைகளுக்கென்று 1944இல் இ.சி.சி. என்ற தனி நிறுவனம் உருவானது. அதன் வழிவந்த கட்டுமானப் பிரிவுக்கு இன்று சென்னை மணப்பாக்கம்தான் தலைமையகம். டெல்லியின் தாமரைக் கோயிலையும், நர்மதைக் கரையில் 182 மீட்டர் உயரத்தில் நிற்கும் வல்லபாய் படேல் சிலையையும் கட்டியது இந்த நிறுவனம்தான். இத்தகைய ஒரு நிறுவனம் சமூகத்துக்கு என்ன திருப்பித் தருகிறது, அதன் வேலையில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் வெளிப்பார்வைக்குத் தனித்தனியாகத் தெரியும். கட்டுமானத் தொழிலில் மட்டும் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

காரணம், இந்தத் தொழிலில் வேலை செய்வோர் இரண்டு பட்டியல்களில் இருக்கிறார்கள். முதல் பட்டியலில் பொறியாளர்கள், கணக்காளர்கள், மேலாளர்கள் முதலிய நிறுவன ஊழியர்கள். எல் அண்ட் டியின் தாய் நிறுவனத்தில் இவர்கள் சுமார் 60,000 பேர். இரண்டாவது பட்டியலில் கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் அடிப்போர், கொத்தனார்கள், வெல்டர்கள், சுமை தூக்குவோர். எந்த நேரத்தில் எண்ணினாலும் இவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்று நிறுவனத் தலைமையே சொல்லியிருக்கிறது. இவர்களில் மிகப் பலர் துணை ஒப்பந்ததாரர்கள் வழியாக வருகிறவர்கள். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்து, வேலை முடிந்ததும் அடுத்த தளத்துக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுகிறவர்கள். ஒரு நிறுவனம் கொடுக்கும் கொடையும் அது பேசும் பன்முகத்தன்மையும் இந்த இரண்டு பட்டியல்களில் எதைத் தொடுகின்றன என்று பார்த்தால்தான் அவற்றின் உண்மையான எடை தெரியும்.

கொடையில் ஒரு பகுதி இன்று சட்டக் கடமை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் 2 கோடி. 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தொடக்கத்தில், செலவிடாவிட்டால் காரணம் எழுதினால் போதும் என்ற நிலை இருந்தது. 2021இல் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் குறிப்பிடும் பொது நிதிகளில் செலுத்திவிட வேண்டும்.

சட்டத்தின் விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரையறை உண்டு. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு இந்த 2 சதவீதக் கணக்கில் சேராது. நிறுவனத்தின் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் செலவும் சேராது. இது நியாயமான விதிதான். இல்லாவிட்டால் ஊழியர் உணவகத்துக்கு மேசை வாங்கிவிட்டு அதையும் சமூகப் பணி என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இதன் பக்க விளைவாக, கொடை வெளியூர்க் கிராமத்தை நோக்கியும் பன்முகத்தன்மை தலைமை அலுவலகத்தை நோக்கியும் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கட்டடம் எழும்பும் இடம் கவனிக்கப்படாமல் நிற்கிறது.

எல் அண்ட் டியின் சமூகப் பணிகள் குடிநீரும் சுகாதாரமும், மருத்துவம், கல்வி, தொழில் திறன் என்ற நான்கு துறைகளைச் சுற்றி அமைந்தவை. இவற்றில் நின்று பார்க்கத் தக்கது, 2014 வாக்கில் தொடங்கிய ஒருங்கிணைந்த சமுதாய மேம்பாட்டுத் திட்டம். ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு என நீர் வறண்ட பகுதிகளில் அது நடந்தது. முதலில் நீர். ஓடும் மழைநீரை நிறுத்தத் தடுப்பணை, மண் அரிக்காமல் இருக்க வரப்பு, பிறகு கிணற்றில் ஊறும் தண்ணீர், அதற்குப் பிறகு பயிர், கழிப்பறை, பள்ளிக்கூடம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்வது அதன் முறை. திட்டத்தை நடத்துவதில் ஊரார் குழு பங்கு பெறுகிறது. பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் சேர்க்கப்படுகின்றன. கட்டுமான நிறுவனத்துக்கு மண்ணையும் நீரோட்டத்தையும் அளக்கத் தெரியும் என்பதால் இந்த வேலை அதன் கைக்குப் பொருந்துகிறது. தனக்குத் தெரிந்த தொழிலைக் கொடையாகக் கொடுக்கும்போது பணத்தின் பலன் கூடுகிறது.

நிறுவனத்தின் கொடை ஒரு புறம் இருக்க, அதை நடத்தியவர்களின் சொந்தக் கொடை வேறு. நீண்ட காலம் தலைமை வகித்த ஏ.எம். நாயக், தம் சொத்தில் 75 சதவீதத்தை அறப்பணிகளுக்குத் தருவதாக 2016இல் அறிவித்தார். குஜராத்தின் நவ்சாரியில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கு, இரண்டு வயதில் புற்றுநோயால் இறந்த அவருடைய பேத்தி நிராலியின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. இது ஒரு மனிதரின் ஈகை. பங்குதாரர் பணத்திலிருந்து சட்டப்படி எடுத்துக் கொடுக்கும் 2 சதவீதத்தோடு இதைக் கலந்து எண்ணக் கூடாது.

இத்தனை பணிகளிலும் தொழிலின் நெஞ்சைத் தொடுவது கட்டுமானத் திறன் பயிற்சி நிலையங்கள்தான். 1995இல் சென்னையில் முதல் நிலையம் தொடங்கியது. பிரிட்டனின் ஹென்றி பூட் பயிற்சி நிறுவனத்தின் உதவியோடு பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. பிறகு அகமதாபாத், பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி, கொல்கத்தா வட்டாரங்களுக்கும் வேறு இடங்களுக்கும் அவை பரவின. தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தை அடுத்த நீவளூரில் ஒன்று இருக்கிறது. கொத்து வேலை, சென்ட்ரிங் தச்சு, கம்பி வளைத்துக் கட்டுதல், மின்பணி, வெல்டிங் போன்ற தொழில்கள் அங்கே கற்றுத் தரப்படுகின்றன. கட்டணம் கிடையாது; பயிலும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கிராமத்தில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞருக்கு மூன்று மாதங்களில் கையில் ஒரு தொழில் வந்துவிடுகிறது.

இதன் அருமை, இந்தத் தொழிலை மக்கள் இதுவரை எப்படிக் கற்றுவந்தார்கள் என்பதை நினைத்தால் விளங்கும். கட்டட வேலைக்கு வகுப்பறை இருந்ததே இல்லை. ஒரு பையன் முதலில் கலவை போடுவான், செங்கல் எடுத்துக் கொடுப்பான். கொத்தனார் சாப்பிடப் போகும் நேரத்தில் கரணையை எடுத்து நாலு கல் வைத்துப் பார்ப்பான். கோணலாக இருந்தால் திட்டு வாங்குவான். தூக்குக்குண்டு பிடிக்கவும் ரசமட்டம் பார்க்கவும் மெல்லப் பழகுவான். நாலைந்து வருடத்தில் அவனும் கொத்தனார். இந்த வழியில் சேர ஒரு பெரியப்பாவோ மாமாவோ ஊர்க்காரரோ ஏற்கெனவே கொத்தனாராக இருக்க வேண்டும். உறவும் சாதியும் ஊரும் பார்த்துத் திறந்த கதவு அது. பெண்ணுக்கு அது திறந்ததே இல்லை.

தமிழ்நாட்டின் கட்டட வேலையில் பெண்ணுக்கு ஒரே பெயர்தான் உண்டு: சித்தாள். பதினெட்டு வயதில் தலையில் சும்மாடு கட்டிப் பாண்டுச் சட்டி சுமக்க வருகிறவர், ஐம்பது வயதிலும் அதே சட்டியைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார். அவரோடு அதே நாளில் வேலைக்கு வந்த பையன் இதற்குள் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, சிறு ஒப்பந்தங்களும் எடுக்கத் தொடங்கியிருப்பான். சுவர் எப்படி எழும்புகிறது என்பதை முப்பது ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்த அந்தப் பெண்ணுக்குக் கலவையின் பதம் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆனாலும் கரணை அவர் கைக்கு வராது. அவர் கரணையைத் தொட்டால் வேலை விளங்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. சாரத்தில் ஏறி நின்று ஆண்களோடு சுவர் வைப்பது சரிவருமா என்பது ஒரு சாக்கு. மத்தியானம் கொத்தனார் கரணையைக் கீழே வைக்கும் அந்த அரை மணி நேரத்தில், சித்தாள் சாரத்தின் நிழலில் கிடக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போயிருப்பார் என்பதும் ஒரு காரணம்.

கூலியும் இதற்கேற்பப் பிரிகிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது 1976ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. ஆனால் கொத்தனாருக்கு ஒரு கூலி, ஆண் உதவியாளருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி என்று வேலையின் பெயரைப் பிரித்துவிட்டால் சட்டம் அங்கே நுழைய முடிவதில்லை. கட்டட வேலை இந்தியாவில் விவசாயத்துக்கு அடுத்தபடி அதிகம் பேருக்குப் பிழைப்புத் தரும் தொழில்களில் ஒன்று. அதில் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்பதால் அங்கே சமத்துவம் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய நிறுவனங்களின் தளங்களில் நிலைமை வேறு மாதிரி மாறிவருகிறது. அங்கே கலவை, ஆலையிலிருந்து லாரியில் சுழன்றபடியே வருகிறது. குழாய் வழியாகப் பத்தாவது மாடிக்கு ஏறுகிறது. கம்பிக் கட்டுகளை டவர் கிரேன் தூக்குகிறது. சுவர்கூடத் தொழிற்சாலையில் வார்த்து வந்து பொருத்தப்படுகிறது. தலைச்சுமை ஒழிவது நல்லதே. எந்த மனிதரின் கழுத்தெலும்பும் செங்கல்லுக்காகத் தேயக் கூடாது. ஆனால் பெண்களுக்குத் தளத்தில் இருந்த ஒரே வேலை அந்தத் தலைச்சுமைதான். அதை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, வேறு வேலை கற்காத சித்தாள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார். நவீனமான தளங்களில் கண்ணுக்குத் தெரியும் பெண்கள் பெரும்பாலும் பாதுகாப்பு அலுவலர்கள், தரம் சோதிக்கும் பொறியாளர்கள், துப்புரவு செய்வோர். நடுவில் இருக்க வேண்டிய கைத்தொழில் பெண்கள் அரிது.

அலுவலகப் பட்டியலில் பெண்களின் நிலைமையை மாற்றச் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு திருத்தச் சட்டம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண் பொறியாளர்கள் மீண்டும் சேர எல் அண்ட் டி ‘ரென்யூ’ என்ற திட்டத்தை நடத்துகிறது. 2025 மார்ச்சில், மகளிர் தினத்தையொட்டி, அதன் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள் ஊதியத்தோடு மாதவிடாய் விடுப்பு அறிவித்தார். தாய் நிறுவனத்தில் அப்போது பெண்கள் சுமார் 5,000 பேர். மொத்த ஊழியர்களில் ஏறக்குறைய 9 சதவீதம். கட்டுமானம், பொறியியல் போன்ற ஆண்கள் நிறைந்த துறையின் மிகப் பெரிய நிறுவனம் ஒன்று மாதவிடாயை வெளிப்படையாகப் பேசியதே ஒரு முன்னேற்றம்.

அதே தலைவர் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்ய வேண்டும், வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஊழியர்களிடம் பேசிய காணொளி வெளியாகி நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வீட்டில் இருந்துகொண்டு மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்ற கேள்வியும் அந்தப் பேச்சில் இருந்தது. மணிக்கணக்கைக் காட்டிலும் அந்தக் கேள்வியில்தான் கவலைக்குரிய விஷயம் இருக்கிறது. ஊழியர் என்றால் ஆண், அவருக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மனைவி இருப்பார் என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. வாரம் 90 மணி நேரத்தைக் குழந்தை வளர்க்கும் பெண்ணால் தர முடியாது. குழந்தையை வளர்ப்பதில் பங்கு கொள்ள விரும்பும் ஆணாலும் தர முடியாது. விடுப்பு விதிகள் எத்தனை நல்லவையாக இருந்தாலும், வேலை நாளின் அளவு ஆணுக்கு மட்டும் தைத்த சட்டையாக இருக்கும்வரை அந்த 9 சதவீதம் மெல்லத்தான் நகரும்.

மாதவிடாய் விடுப்பு தாய் நிறுவனத்தின் ஊழியர்களுக்கு உரியது. நாள் கூலிக்கு வரும் சித்தாளுக்கு அன்று வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவருக்குத் தேவையானவை இன்னும் அடிப்படையானவை. கதவும் தண்ணீரும் உள்ள தனிக் கழிப்பறை வேண்டும். தளத்திலிருந்து கழிப்பறை தொலைவில் இருந்தால் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வர அது ஒரு காரணம். ஆண் உடலுக்கு அளந்து செய்த பாதுகாப்புப் பட்டையும் காலணியும் பெண்ணுக்குப் பொருந்துவதில்லை. பொருந்தாத பட்டை உயரத்தில் காப்பாற்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையை விட ஓர் இடம் வேண்டும்.

கட்டட வேலைத் தளத்தில் குழந்தைகள் காப்பகம் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் ஒரு தெளிவான பிறந்தநாள் உண்டு. 1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே மணலிலும் ஜல்லியிலும் கிடந்த, வாடிய குழந்தைகளை மீரா மகாதேவன் பார்த்தார். அங்கேயே ஒரு கூடாரம் போட்டு அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்தது மொபைல் கிரஷஸ் என்ற அமைப்பு. கட்டடம் முடிந்து தொழிலாளர்கள் அடுத்த தளத்துக்குப் போகும்போது காப்பகமும் கூடவே போவது அதன் தனித்தன்மை. பெயரும் அதனால் வந்ததுதான். ஒப்பந்த நிறுவனம் இடமும் கூரையும் தண்ணீரும் செலவில் பங்கும் தரும். காப்பகத்தை அமைப்பு நடத்தும். கணக்குப் பார்த்தால் இது நிறுவனத்துக்கும் லாபமே. குழந்தை எங்கே தவழ்கிறதோ என்று தாய் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காள் பள்ளியிலிருந்து நிற்க வேண்டியதில்லை.

1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் இந்த எண்ணத்தை விதியாக்கியது. 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. ஆனால் துணை ஒப்பந்ததாரர்களிடையே ஆட்களைப் பிரித்துக் காட்டினால் எவரிடமும் 50 பெண்கள் இருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டது. விதி எந்தத் தொகுப்பில் இருந்தாலும், முதன்மை ஒப்பந்த நிறுவனம் தன் தளத்தின் எல்லாப் பெண்களையும் ஒன்றாக எண்ணிக் காப்பகம் அமைப்பது அதன் மனத்தைப் பொறுத்தது. கொடை என்ற சொல்லுக்கு உண்மையில் பொருள் வருவது இங்கேதான்.

சதவீதம் நிர்ணயித்தால் போதுமா என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அனுபவம் இருக்கிறது. அங்கே அரசு ஒப்பந்தக் கட்டட வேலைகளில் பெண்களின் பங்கு 6.9 சதவீதமாக இருக்க வேண்டும் என்ற இலக்கு 1978இல் தொடங்கி வகுக்கப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்தும் அந்த நாட்டின் கட்டடக் கைத்தொழில்களில் பெண்கள் சுமார் 4 சதவீதம்தான். அந்த இலக்குக்கு அடிப்படையாக இருந்த 1965ஆம் ஆண்டின் அதிபர் ஆணை 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. இதற்கு மாறாக, டர்னர் என்ற கட்டுமான நிறுவனம் 1969இல் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிய பள்ளி வேறு வழியில் போனது. கறுப்பின மக்களும் பிற சிறுபான்மையினரும் பெண்களும் நடத்தும் சிறு ஒப்பந்த நிறுவனங்களுக்கு, ஒப்பந்த மதிப்பீடு போடுவது, கணக்கு வைப்பது, வேலையை நிர்வகிப்பது ஆகியவற்றை அது கற்றுத் தந்தது. தொழிலை நடத்தத் தெரிந்தவரை வெளியே தள்ளுவது கடினம்.

கற்றுக் கொடுத்தால் பெண்கள் வருகிறார்கள் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உண்டு. எலா பட் 1972இல் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பின் சார்பில், அகமதாபாதில் கட்டடத் தொழிலாளப் பெண்களுக்காகக் கார்மிகா என்ற பயிற்சிப் பள்ளி நடந்தது. கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் அஸ்திவாரம் முதல் கூரை வரை தாங்களே வீடு கட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் இயக்கம் உச்சத்தில் இருந்தபோது கொத்தனார்கள் கிடைக்கவில்லை. சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு அந்த வேலை கற்றுத் தரப்பட்டது. அங்கே ஆண் கொத்தனாரை ராஜ் மிஸ்திரி என்பார்கள். ஊர் இந்தப் பெண்களுக்கு ராணி மிஸ்திரி என்று பெயர் வைத்தது.

தமிழ்நாட்டில் அரசும் நிறுவனமும் சேர்ந்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குச் சென்னையை அடுத்த தையூரில் உள்ள கட்டுமானக் கழகத்திலும், நீவளூரில் உள்ள எல் அண்ட் டி பயிற்சி நிலையத்திலும் திறன் பயிற்சி அளிக்கும் திட்டம் அது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கான ஒரு வாரப் பயிற்சியில், இழக்கும் கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இந்தச் சிறு ஏற்பாட்டில் பெரிய அறிவு இருக்கிறது. ஏழைத் தொழிலாளி கற்க வராததற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல, அன்றைய அடுப்பு. அந்தப் பணத்தைக் கொடுத்தால் சித்தாளும் வகுப்பில் உட்கார முடியும். தங்கும் இடமும் குழந்தைக்குக் காப்பகமும் சேர்ந்தால் மூன்று மாதப் பயிற்சிக்கும் அவரால் வர முடியும்.

அந்த நல வாரியமே தொழிலாளர் போராடிப் பெற்றது. 1979இல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1982இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கோரி 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைத் தலைவராகக் கொண்டு தேசிய இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது; மத்தியச் சட்டம் வர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. கட்டடச் செலவில் 1 சதவீதம் நல நிதியாகப் பிடிக்கப்பட்டு, பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவியாகத் திரும்புகிறது. நிறுவனங்களின் 2 சதவீதத்தைப் போல இது கொடை ஆகாது. தொழிலாளியின் உரிமை.

நிறுவனங்கள் சொல்வதைச் சரிபார்க்கவும் இன்று ஒரு வழி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்திருக்கிறது. அதில் ஊழியர் வேறு, தொழிலாளர் வேறு, நிரந்தரமானவர் வேறு, நிரந்தரமல்லாதவர் வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி எத்தனை பேர் என்று காட்ட வேண்டும். எந்தக் கட்டுமான நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்தாலும், விழாப் படங்களைத் தாண்டி அந்த அட்டவணைக்குப் போக வேண்டும். நிரந்தரமல்லாத தொழிலாளர் என்ற வரியில் பெண்களின் எண்ணிக்கையே அந்த நிறுவனத்தின் பன்முகத்தன்மைக்குச் சரியான அளவுகோல். அவர்களில் எத்தனை பேர் கொத்தனார், எத்தனை பேர் வெல்டர் என்று கேட்க ஒரு கட்டம் அந்த அட்டவணையில் இன்னும் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும்.

வீடு கட்டும் வாசகர்களுக்கும் இதில் ஒரு சிறு வேலை உண்டு. வரைபட அனுமதி வாங்கும்போது செலுத்தும் கட்டணங்களில் தொழிலாளர் நல நிதியும் ஒன்று. அந்தப் பணத்தின் பலன் தங்கள் வீட்டுக்குச் செங்கல் சுமக்கும் பெண்ணுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் அவர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவுக்கு, அவர் கட்டட வேலை செய்கிறார் என்ற சான்று வேண்டும். மேஸ்திரியிடம் கூலி பேசும் நாளில், “அந்தச் சித்தாள் அம்மாவுக்கு வாரிய அட்டை இருக்கிறதா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.